ஆபத்தில்லாத கிருமியும் மூடியில்லாத தாங்கியும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. முழுவதும் வாசிக்க நேரமில்லாதவர்கள் கடைசிப் பந்தியை மட்டுமாவது வாசியுங்கள். அதில் ஒரு உதவி கேட்டிருக்கிறோம்.

இரண்டு கிழமையாக ஈச்சிலம்பற்றுப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தாள் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு பாடசாலையின் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை. பாடசாலையின் பெயரை நாங்கள் எழுதமாட்டோம். நாங்கள் அங்கேதான் படிப்பிக்கிறோம் என்பதை மட்டும் மறைக்கமாட்டோம். மறைத்துவிட்டு எழுதினால் அது புறம்.

டித்வா வெள்ளம் வடிந்த பிறகு எடுத்த மாதிரிகள் அவை. 2025 நவம்பர் கடைசியில் மகாவலி பெருகி, மாவிலாற்று அணைக்கட்டும் உடைந்து, வெருகல் பக்கமெல்லாம் எப்படிக் கிடந்தது என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2004இல் கடல் வந்து கிணறுகளை உப்பாக்கியது. 2006இல் இதே மாவிலாற்றின் மதகை மூடியதில் தொடங்கிய சண்டையில் ஈச்சிலம்பற்றுச் சனமும் மூதூர்ச் சனமும் ஆளுக்கொரு பக்கமாக ஓடினார்கள். தண்ணீர் என்றால் என்ன என்று புத்தகத்தைப் பார்த்துப் படிக்க வேண்டிய ஊர் இல்லை இது. அப்படியான ஊரில்தான் ஒரு தாளைச் சரியாக வாசிக்கத் தெரியாமல் இரண்டு கிழமை அடிபடுகிறோம்.

தாளில் உள்ளது இவ்வளவுதான். மாதிரிகள் இரண்டு. ஒன்று குழாய்க்கிணற்றில் நேரடியாக எடுத்தது. மற்றது பிள்ளைகள் வாய் வைத்துக் குடிக்கும் பைப்பில் எடுத்தது. இடையில் இருப்பது ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தாங்கியும் சில அடி பைப்பும். கிணற்றில் கோலிபோம் இல்லை, ஈ.கோலையும் இல்லை. பைப்பில் ஈ.கோலை இல்லை, ஆனால் கோலிபோம் எண்ண முடியாத அளவு. எஞ்சிய குளோரின் பூச்சியம்.

இதை வைத்து ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

ஒரு கூட்டம், "தண்ணியில கிருமி, பிள்ளைகளக் கொல்லப் பாக்குறாங்க" என்று தாளின் ஒரு வரியைச் சிவப்பால் வட்டமிட்டுப் போட்டது. அவர்களோடு எங்களுக்குப் பெரிய சண்டை இல்லை. பயந்தவர்கள். பிள்ளையைப் பெற்றவர்கள் பயப்படத்தான் செய்வார்கள். ஒரு விளக்கம் கொடுத்தால் அடங்கிவிடும்.

எங்கள் சண்டை இரண்டாவது கூட்டத்தோடு. அவர்கள் படித்தவர்கள். அதில் எங்கள் தொழிலைச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் வசனம் இது: "ஈ.கோலை இல்லத்தானே சேர். மத்ததெல்லாம் ஆபத்தில்லாத கிருமி. சும்மா ஏன் சனத்தப் பயப்படுத்துறீங்க?"

ஆபத்தில்லாத கிருமி. இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தாங்கியை எத்தனை வருடத்துக்குக் கழுவாமல் விடலாம் என்று நாங்கள் கண்ணால் கண்டோம். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அவர்களுடைய பக்கத்தில் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறோம். ஈ.கோலை என்பது மனிதர், மாடு, ஆடு, நாய் போன்றவற்றின் குடலில் வாழ்வது. அது தண்ணீரில் இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். மலம் கலந்தால் வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி எல்லாம் வரும் வழி திறந்திருக்கிறது. இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 நூறு மில்லிலீற்றரில் ஒரு ஈ.கோலைகூட இருக்கக்கூடாது என்கிறது. எங்கள் பைப்பில் அது இல்லை. அல்ஹம்துலில்லாஹ். கோலிபோம் என்பது அதைவிடப் பெரிய குடும்பம். அதில் ஈ.கோலையும் ஒரு பிள்ளை. மற்றப் பிள்ளைகளில் பல மண்ணிலும் இலைச் சருகிலும் வாழ்பவை. குடலோடு சம்பந்தமே இல்லாமல், தாங்கியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தக்கூடியவை. சுகமாக இருக்கும் ஒரு பிள்ளை அவற்றைக் குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இதுவரைக்கும் அவர்கள் சொல்வது சரி.

இதற்கு அடுத்த வரியில்தான் பிழைக்கிறார்கள். ஒன்றும் ஆகாது, ஆகவே ஒன்றும் செய்யத் தேவையில்லை என்கிறார்கள்.

ஒரு பழைய கதை சொல்கிறோம். 1892இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்தில் கொலரா வந்தது. எட்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஒட்டிக்கொண்டே இருந்த அல்டோனா என்ற ஊர் பெருமளவு தப்பியது. இரண்டு ஊருக்கும் ஒரே எல்பே ஆறுதான் தண்ணீர். இன்னும் சொன்னால், ஹம்பேர்க்கின் கழிவு கலந்த பிறகு கீழே வரும் தண்ணீரைத்தான் அல்டோனா எடுத்தது. வித்தியாசம் என்னவென்றால் அல்டோனா மணல் வடிகட்டியில் விட்டுக் கொடுத்தது, ஹம்பேர்க் அப்படியே கொடுத்தது. இதை ஆராய்ந்தவர் றொபேட் கொக். கொலராக் கிருமியையே அடையாளம் காட்டிய மனிதர். அவர் வடிகட்டிய தண்ணீருக்கு ஒரு எல்லை சொன்னார்: ஒரு மில்லிலீற்றரில் நூறு பற்றீரியாவுக்கு மேல் இருக்கக்கூடாது.

கவனியுங்கள். அவர் சொன்ன நூறு, கொலராக் கிருமியின் எண்ணிக்கை இல்லை. அது எல்லாப் பற்றீரியாவும் சேர்ந்த எண்ணிக்கை. அதில் அனேகமானவை ஒருவருக்கும் தீங்கு செய்யாதவை. அது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வடிகட்டி தன் வேலையைச் செய்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் அந்த அப்பாவிக் கிருமிகளை எண்ணச் சொன்னார். நூறு இருநூறாகி ஆயிரமாகும்போது வடிகட்டியில் எங்கேயோ ஓட்டை என்று தெரியும். இன்றைக்கு அப்பாவிகள் நுழைந்த ஓட்டையால் நாளைக்குக் கொலரா நுழையும்.

நூற்றுப் பத்து வருடத்துக்குப் பிறகு, 2002இல், உலக சுகாதார நிறுவனம் ஜெனீவாவில் நிபுணர்களைக் கூட்டி இதே கேள்வியைத் திரும்பவும் பேசியது. அவர்கள் வந்து சேர்ந்த இடத்தை இரண்டாவது கூட்டம் அரைவாசி மட்டும் சொல்கிறது. இந்தப் பொதுவான பற்றீரியாக்களின் எண்ணிக்கை கூடியிருப்பதை மட்டும் வைத்துச் சாதாரண சனத்துக்கு நோய் வரும் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றார்கள். உண்மை. ஆனால் சுத்திகரிப்பும் குழாய்களும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று கண்காணிக்க அந்த எண்ணிக்கை உதவும், திடீரென்று கூடினால் காரணத்தைத் தேட வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்ததுதான். கோலிபோமைப் பற்றியும் அந்த நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டல் இதே மாதிரித்தான் சொல்கிறது. மலம் கலந்ததற்கான சாட்சியாக அதை எடுக்காதீர்கள். குழாய்களும் தாங்கிகளும் சுத்தமாகவும் உடைப்பில்லாமலும் இருக்கின்றனவா என்பதற்கான சாட்சியாக எடுங்கள்.

அப்படியானால் எங்கள் தாள் யாரைப் பற்றிச் சாட்சி சொல்கிறது? கிணற்றைப் பற்றியா? கிணறு சுத்தம். ஆற்றைப் பற்றியா, வெள்ளத்தைப் பற்றியா, அரசாங்கத்தைப் பற்றியா? கிணற்றுக்கும் பைப்புக்கும் நடுவில் இருப்பது எங்கள் தாங்கி. எங்கள் கையில் இருப்பது. தாள் எங்களைப் பற்றித்தான் பேசுகிறது.

தாள் வந்த மறுநாள் ஏறிப் பார்த்தோம். எப்படி ஏறினோம் என்பதைப் பிறகு சொல்கிறோம். மூடி இல்லை. எப்போது காற்றில் போனது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு தகரத் துண்டும் அதன் மேல் ஒரு கல்லும். தகரத்துக்கும் தாங்கியின் வாய்க்கும் இடையில் ஒரு கை போகும் இடைவெளி. மேலே வேப்ப மரம். சருகு, பறவை எச்சம், உப்பி மிதந்த ஒரு பல்லி. அடியில் விரல் மொத்தத்துக்குச் சேறு. சுவரைத் தடவினால் கையில் வழுக்கிக்கொண்டு வரும் கபில நிறப் பசை. நிரம்பி வழியும் குழாயின் வாயில் வலை இல்லை.

அந்தப் பசைதான் விஷயம். எங்கள் பக்கத்துக் குழாய்க்கிணறுகள் பலவற்றில் இரும்பு கூட. இரும்பைத் தின்று வாழும் பற்றீரியாக்கள் இருக்கின்றன. அவைதான் இந்தத் துரு நிறப் பசையைச் சுரப்பவை. நோய் தருபவை இல்லை. குளியலறைத் தரையிலும் பைப்பைச் சுற்றியும் இளஞ்சிவப்பாக ஒரு வழுவழுப்புப் படியுமே, அதுவும் பெரும்பாலும் ஒரு பற்றீரியாதான், செரேஷியா என்று பெயர். வீட்டில் உம்மாமார் பிறஷ் போட்டுத் தேய்த்துவிட்டுப் போவார்கள். இவை எல்லாம் சேர்ந்து கட்டும் படலத்தை உயிர்ப்படலம் என்கிறோம். பசையால் கட்டிய வீடு அது. உள்ளே இருப்பவர்களைக் குளோரின் லேசில் தொடாது. நீங்கள் போடும் குளோரினை இந்தப் பசையும் அடியில் உள்ள சேறும் முதலில் தின்றுவிடும், தண்ணீருக்கு மிஞ்சாது. தாளில் பூச்சியம் என்று இருந்தது அதனால்தான். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டார்கள், எங்கள் கண் முன்னால் போட்டார்கள். அது தாங்கியைத் தாண்டவில்லை.

இன்னுமொரு காரணம் வெயில். திருகோணமலை மாவட்டத்து வெயிலில் கறுப்புத் தாங்கி எப்படிக் கொதிக்கும் என்று பகல் இரண்டு மணிக்குப் பைப்பைத் திறந்தவர்களுக்குத் தெரியும். கை சுடும். சூட்டில் குளோரின் சீக்கிரம் போகும். இளஞ்சூட்டில் பற்றீரியா பெருகும். பின்னேரம் ஆறிய தாங்கியைவிட அவற்றுக்கு நல்ல வளவு இல்லை.

இனி, ஆபத்தில்லாதது என்ற சொல்லையே கொஞ்சம் உரசிப் பார்ப்போம். யாருக்கு ஆபத்தில்லாதது? தரம் எட்டில் படிக்கும், கிரிக்கெட் விளையாடிவிட்டு ஓடிவரும் பிள்ளைக்கு ஆபத்தில்லாதது. அதே பிள்ளையின் மூத்தம்மாவுக்கு? புற்றுநோய்க்கு மருந்தேற்றிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பவருக்கு? சூடோமோனாஸ் என்று ஒரு பற்றீரியா. தாங்கியிலும் பைப்பின் வாயிலும் சாதாரணமாக இருப்பது. சுகமானவர் குடித்தால் ஒன்றும் செய்யாது. ஆனால் புண்ணில், எரிகாயத்தில், பலவீனமான நுரையீரலில் இடம் கிடைத்தால் விடாது, பல மருந்துக்கும் அடங்காது. இப்படியானவற்றுக்கு மருத்துவத்தில் சந்தர்ப்பவாதிகள் என்று பெயர். அரசியல் பார்த்துப் பழகிய எங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இப்போது பள்ளிவாசலுக்குப் போவோம். எங்கள் சமூகத்தைப் பற்றிப் பேசாமல் அடுத்தவர் தாங்கியைப் பற்றி மட்டும் பேசினால் அது நேர்மை இல்லை. எங்கள் ஊர்களில் ஐவேளையும் வுழூச் செய்பவர்களில் சீனி வருத்தக்காரர் எத்தனை பேர்? காலில் ஆறாத புண்ணோடு எத்தனை ஹாஜியார்மார் அந்த ஹவுழுக்கும் பைப்புக்கும் முன்னால் குந்துகிறார்கள்? ஆறாத புண்ணைத்தான் சந்தர்ப்பவாதிகள் தேடுகின்றன.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "குல்லத்தைன் இருக்குத்தானே." ஷாபிஈ மத்ஹபில் இரண்டு குல்லா அளவுக்கு மேல் உள்ள தண்ணீர், அசுத்தம் விழுந்தாலும் நிறம், ருசி, வாடை மாறாத வரைக்கும் அசுத்தமாகாது. எங்கள் தாங்கிகள் எல்லாம் அந்த அளவைத் தாண்டியவைதான். சட்டம் சரி. ஆனால் அது எந்தக் கேள்விக்கான பதில்? இந்தத் தண்ணீரில் வுழூ கூடுமா என்ற கேள்விக்கான பதில். இதைப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கலாமா, இதைப் புண்ணில் ஊற்றலாமா என்பது வேறு கேள்வி. ஒரு கேள்வியின் விடையை எடுத்து மற்றதற்கு எழுதினால் பரீட்சையில் நாங்கள் புள்ளி போடமாட்டோம். நபி (ஸல்) அவர்கள் இரவில் பாத்திரங்களை மூடி வைக்கவும் தண்ணீர்ப் பைகளின் வாயைக் கட்டி வைக்கவும் சொன்னதாக புஹாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதைத் தடுத்தார்கள். மூடி வைக்கச் சொன்ன மார்க்கத்தின் பெயரால் மூடியில்லாத தாங்கிக்கு நியாயம் கேட்கிறீர்களா?

மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கராச்சியில் பல வருடமாக, கேரளாவில் அண்மைக் காலத்தில், மூளையைத் தின்னும் அமீபா பற்றிய செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். அது பற்றீரியா இல்லை. மிக மிக அரிதாக வருவது. வந்தால் பிழைப்பவர் குறைவு. குடித்தால் வராது, மூக்கு வழியாகப் போனால்தான் வரும். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை, இந்தத் தாளுக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. ஒரு விஷயத்துக்காக மட்டும் சொல்கிறோம்: அந்த அமீபா சூடான, குளோரின் இல்லாத நல்ல தண்ணீரில் எதைத் தின்று வாழ்கிறது? பற்றீரியாவை. லீஜியோனெல்லா என்ற நுரையீரலைத் தாக்கும் பற்றீரியா பெருகுவதும் இதே படலத்தில் வாழும் அமீபாக்களுக்குள்ளேதான். ஆபத்தில்லாதவர்கள் கட்டிய வீட்டில்தான் ஆபத்தானவர்கள் வாடகைக்கு வருகிறார்கள்.

லீஜியோனெல்லா என்றதும் இன்னொன்று. 2020இல் கொரோனாவுக்காக மாதக்கணக்கில் பூட்டியிருந்த பாடசாலைகளை அமெரிக்காவில் திறக்கப் போனபோது, ஓஹையோ மாநிலத்தில் சில பாடசாலைகளின் தண்ணீரில் அது இருந்தது. ஓடாத தண்ணீர், குளோரின் போன தண்ணீர். அவர்கள் திறக்கும் முன் பரிசோதித்தார்கள், கண்டுபிடித்தார்கள், குழாய்களைக் கழுவினார்கள். எங்கள் பாடசாலைகளும் அதே வருடம் பூட்டிக் கிடந்தன, அடுத்த வருடமும் கிடந்தன. திறந்த அன்று கை கழுவச் சவர்க்காரம் வைத்தோம், நெற்றியில் வெப்பமானி பிடித்தோம், வாசலில் போட்டோ எடுத்தோம். தாங்கியில் தேங்கிக் கிடந்த தண்ணீரைத் திறந்து விட்டோமா? அதே தண்ணீரில்தான் அந்தச் சவர்க்காரத்தைக் கழுவினோம். கொரோனாவை விடுங்கள். ஒவ்வொரு தவணை விடுமுறையும் தாங்கிக்கு ஒரு கொரோனாதான். ஏப்ரலிலும் ஓகஸ்டிலும் டிசம்பரிலும் நாங்கள் வீட்டுக்குப் போகிறோம். தண்ணீர் அங்கேயே நிற்கிறது.

சரி, யாரும் தாங்கியைப் பார்க்கவே இல்லையா என்று கேட்டால், பார்த்தார்கள். 2017இல் கிண்ணியாவில் டெங்கு எங்கள் சொந்தக்காரர் பலரின் வீட்டைத் தட்டியது. அதற்குப் பிறகு தாங்கி என்றால் நுளம்பு, நுளம்பு என்றால் தாங்கி. வந்து எட்டிப் பார்ப்பார்கள், குடம்பி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இல்லை என்றால் எழுதிக்கொண்டு போவார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை, அவர்கள் வந்த வேலை அது. அதே ஏணியில், அதே நிமிடத்தில், சேற்றையும் சேர்த்துப் பார்க்கும்படி நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. மூடி ஒன்று இருந்திருந்தால் நுளம்புக்கும் பல்லிக்கும் சருகுக்கும் ஒரே செலவில் முடிந்திருக்கும்.

இனிக் காசுக் கதை. தாள் சுற்றத் தொடங்கிய மூன்றாம் நாளே வெளிநாட்டிலிருந்து ஒரு சகோதரர் ஆர்.ஓ. மெஷின் வாங்கித் தருவதாகச் சொன்னார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி கொடுப்பானாக. மனம் நோகச் சொல்லவில்லை, ஆனால் சொல்லத்தான் வேண்டும்: எங்களுக்கு அது வேண்டாம். உப்புத் தண்ணீர் உள்ள ஊருக்கு ஆர்.ஓ. வேண்டும். சிறுநீரக நோய் பரவிய பகுதிகளில் கடற்படையும் மற்றவர்களும் நூற்றுக்கணக்கில் பூட்டியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் கிணற்றில் உப்பில்லை. எங்கள் நோய் தாங்கியில். மெஷினின் கரி வடிகட்டி மிஞ்சியிருக்கும் கொஞ்சக் குளோரினையும் எடுத்துவிடும். பிறகு அந்தத் தண்ணீர் இன்னொரு தாங்கியில் காவலில்லாமல் நிற்கும். வடிகட்டியை நேரத்துக்கு மாற்றாவிட்டால் அதுவே பற்றீரியாவுக்கு மெத்தை. கழுவத் தெரியாத கையில் மெஷினைக் கொடுத்தால், கழுவாத பொருள் ஒன்றுக்கு இரண்டாகும். பூட்டிய இரண்டாம் வருடம் தூசி படிந்து நிற்கும் மெஷின்களை எங்கள் பக்கத்திலேயே காட்டலாம். ஆனால் அவற்றின் பெயர்ப் பலகை மட்டும் பளிச்சென்று இருக்கும்.

பெயர்ப் பலகை என்றால் தாங்கியிலும் உண்டு. சுனாமிக்குப் பிறகு வந்த தாங்கிகள் ஒவ்வொன்றிலும் ஒரு நிறுவனத்தின் பெயர். இப்போது குடும்பங்களின் பெயர், மவுத்தானவர்களின் பெயர். ஸஃது பின் உபாதா (ரழி) தன் தாயாருக்காகக் கிணறு வெட்டிக் கொடுத்ததை ஒவ்வொரு ஜும்ஆவிலும் கேட்கிறோம். நல்ல அமல். ஓடிக்கொண்டிருக்கும் தர்மம் என்பதில் 'ஓடிக்கொண்டிருக்கும்' என்பதை யார் பார்த்துக்கொள்வது? கிணற்றுக்குக் காசு தருபவர் இருக்கிறார், தாங்கிக்குத் தருபவர் இருக்கிறார். மூடிக்கும், வருடத்துக்கு மூன்று தரம் தாங்கி கழுவுபவரின் கூலிக்கும் தருபவரை நாங்கள் இன்னும் காணவில்லை. அதில் பெயர் எழுத இடமில்லை.

எங்களோடு படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் இதை வாசித்துவிட்டு, "உங்கட பள்ளிவாசல் மட்டும் இல்ல சேர், எங்கட கோயில் திருவிழாத் தண்ணீர்ப் பந்தலுக்கு வைக்கிற டாங்கியும் இந்த லட்சணம்தான், அதையும் எழுதுங்க" என்றார். எழுதிவிட்டோம்.

இப்போது, எப்படி ஏறினோம் என்ற கதை. இதுவரை அடுத்தவரைச் சொன்னோம். எங்கள் பாடசாலையில் தாங்கி கழுவியது கடைசியாக எப்போது என்று விசாரித்தால், தரம் பத்துப் பையன்கள் இரண்டு பேர் ஏறிக் கழுவியதாகத் தெரிந்தது. ஏற்றியது நாங்கள். பாதுகாப்புக் கயிறு இல்லை, சரியான ஏணி இல்லை, கொங்கிரீட் தூணில் கால் வைத்து ஏறினார்கள். ஒரு பிள்ளை வழுக்கியிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? அதற்குப் பிறகு பயம் வந்து பிள்ளைகளை ஏற்றுவதை நிறுத்தினோம். நல்லது. கழுவுவதையும் நிறுத்திவிட்டோம். அதுதான் குற்றம். பாடசாலைக்குச் சிற்றூழியர் இல்லை என்பது உண்மை, வலயத்துக்கு எழுதியிருக்கிறோம் என்பதும் உண்மை. ஆனால் ஒவ்வொரு வருடமும் செலவுத் திட்டம் எழுதும்போது சுண்ணக்கட்டி, வர்ணம், பரிசளிப்பு விழா மேடைச் சோடனை எல்லாம் எழுதத் தெரிந்த எங்களுக்கு "தாங்கி கழுவுதல்" என்று ஒரு வரி எழுத வரவில்லை. விஞ்ஞானப் பாடத்தில் நுண்ணங்கிகள் அலகைக் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்துவிட்டு, இடைவேளையில் அதே பிள்ளைகளை அந்தப் பைப்புக்கு அனுப்பினோம்.

இந்த முறை ஏறியது நாங்கள்தான். இரண்டு மேசை, ஒரு கதிரை, பக்கத்து வீட்டு அண்ணனின் மர ஏணி. அதில் ஒரு படி உடைந்தது. அதற்கு மேல் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய விஞ்ஞானம் இல்லை. தாங்கியை வெறுமையாக்கி, சேற்றை அள்ளி, சுவரைப் பிறஷால் பசை போகும்வரை தேய்க்க வேண்டும். தேய்க்காமல் குளோரின் மட்டும் ஊற்றுவது குளிக்காமல் அத்தர் பூசுவது. பிறகு கூடிய அளவு குளோரின் கரைத்து ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைப் பைப்புகளுக்குள்ளும் ஓடவிட்டு, முழுவதையும் வெளியே விட வேண்டும். அந்த நேரத்தில் பைப்பில் ஒருவரும் குடிக்கக்கூடாது. அளவைப் பி.எச்.ஐ. ஐயாமாரிடம் கேளுங்கள், முகநூலில் கேட்காதீர்கள். எங்களிடமும் கேட்காதீர்கள், தூளுக்குத் தூள் பலம் மாறும். அன்றாடத் தண்ணீருக்கு வேண்டிய குளோரின் எவ்வளவு சொற்பம் என்று மட்டும் கணக்குப் பாடமாகச் சொல்கிறோம்: ஆயிரம் லீற்றருக்கு ஒரு லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் வீதம் போட ஒரே ஒரு கிராம் குளோரின் போதும். முப்பது வீதம் பலமுள்ள தூள் என்றால் மூன்று கிராமுக்குச் சற்றுக் கூட. ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கும். கடைசிப் பைப்பில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதை அளக்க ஒரு சின்னப் பெட்டியும் வில்லைகளும் இருக்கின்றன. தண்ணீரில் வில்லையைப் போட்டால் இளஞ்சிவப்பாகும், நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டியதுதான். தரம் ஏழுப் பிள்ளை செய்யும். கிழமைக்கு ஒரு நாள் பிள்ளைகளே அளந்து காலைக் கூட்டத்தில் எண்ணை வாசிக்கட்டும். பூச்சியம் என்று வாசித்தால் அதிபருக்கும் வெட்கம், எங்களுக்கும் வெட்கம். அந்த வெட்கம் எங்களுக்குத் தேவை.

விடுமுறை முடிந்து வரும் முதல் நாள் காலையில், பிள்ளைகள் வரும் முன், எல்லாப் பைப்பையும் திறந்து விடுங்கள். இதற்குக் காசே தேவையில்லை. மாதிரி எடுக்க வருபவர்களிடம் கிணற்றில் ஒன்று, தூரத்துப் பைப்பில் ஒன்று என்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள். எங்களுக்குக் கிணற்று மாதிரி மட்டும் எடுத்திருந்தால் "தண்ணீர் சுத்தம்" என்று தாள் வந்திருக்கும். நாங்களும் சட்டம் போட்டு மாட்டியிருப்போம்.

வாட்ஸ்அப்பில் தாளைப் பரப்பிய பெற்றோருக்கு ஒன்று. பிள்ளைகளை வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறீர்கள், சரி. அந்தப் போத்தலின் மூடியைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். வழுக்கினால், நீங்களும் எங்கள் ஆள்தான்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் மூடிக்கும் வலைக்கும் கூலிக்கும் காசு சேர்ந்துவிட்டது. பெயர் போட வேண்டாம் என்று சொல்லியே தந்தார்கள், மாஷா அல்லாஹ். பி.எச்.ஐ. ஐயா சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கழுவுவதற்குப் பழக்கமான ஆள் ஒருவரையும் பேசியாகிவிட்டது. இல்லாதது ஏணி. தாங்கியின் உயரத்துக்குக் குறைந்தது பதினாறு அடி வேண்டும். தோப்பூர், மூதூர், சேருநுவர, வெருகல் பக்கத்தில் யாரிடமாவது நல்ல அலுமினிய ஏணி இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம், ஞாயிறு திருப்பித் தருவோம். மர ஏணி வேண்டாம்.